திடல் ஒன்று, ஆட்டம் இரண்டு

(மட்டாஞ்சேரியில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போகிறது, ரேஷன் கார்டுக்கு நடையாய் நடக்கிறோம், காண்டிராக்டர் கூலி பாக்கி வைத்திருக்கிறான், இதற்கு நடுவில் பந்தும் மட்டையும் ஒரு பிரச்சினையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

இரண்டு மாத காலமாக நம் பையன்கள் விளையாடுகிற திடலில் சாயந்திரம் ஆனால் தகராறு. ஒரு பக்கம் மட்டையும் ஸ்டம்பும் கொண்டுவருகிறவர்கள். மறு பக்கம் கால்பந்து கொண்டுவருகிறவர்கள். யார் முதலில் வந்தது என்று தொடங்கிய வாய்ச்சண்டை, ஒரு நாள் ஸ்டம்பைப் பிடுங்கி எறிந்ததில் முடிந்தது. மறுநாள் பந்தை யாரோ கத்தியால் கிழித்துவிட்டார்கள். அதுவரைக்கும் அது பிள்ளைகள் சண்டை. அதற்குப் பிறகுதான் கேட்கக் கூடாத வார்த்தைகள் வந்தன. மட்டைக்காரப் பையன்களைப் பார்த்து ஒருவன் 'பாண்டி' என்றான். நம் பையன்களும் சும்மா இருக்கவில்லை. திருப்பிச் சொன்ன வார்த்தையை இந்த மேடையில் நான் சொல்ல முடியாது. ஆட்டம் போய், இனம் வந்துவிட்டது. கிரிக்கெட் என்றால் தமிழன், கால்பந்து என்றால் மலையாளி என்று கோடு கிழித்துவிட்டார்கள். இப்போது சில தாய்மார்கள் பிள்ளைகளைத் திடலுக்கே அனுப்புவதில்லை.

இதற்குத் தீர்வாக நம் சங்கத்துக்குள்ளேயே ஒரு யோசனை எழுந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு இடம் கேட்டு மனுக் கொடுப்போம் என்கிறார்கள். சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த யோசனையை நான் எதிர்க்கிறேன். ஏன் எதிர்க்கிறேன் என்று சொல்லத்தான் இன்றைக்கு நின்றிருக்கிறேன்.

தோழர்களே, இந்தச் சண்டை நம் சந்துப் பையன்கள் கண்டுபிடித்ததல்ல. இதே கொச்சி நகரத்தில், பெரியவர்களே இதைப் போட்டிருக்கிறார்கள். கலூர் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1996-ல் கட்டி முடித்தது. விசால கொச்சி வளர்ச்சி ஆணையம் என்கிற ஜி.சி.டி.ஏ.வுக்குச் சொந்தம். அதாவது பொதுச் சொத்து. அந்த ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டமும் நடந்துவந்தன. 1997-ல் அங்கே நேரு கோப்பைக் கால்பந்து நடந்தது. 1998 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அங்கே கிரிக்கெட் ஆடின. டெண்டுல்கர் பந்து வீசி ஐந்து விக்கெட் எடுத்தார். 2005-ல் பாகிஸ்தானோடு ஆடியபோதும் அதே மைதானத்தில் அதே மனிதர் மறுபடியும் ஐந்து விக்கெட் எடுத்தார். கிரிக்கெட் பார்த்தவன் அடுத்த வாரம் கால்பந்தும் பார்த்தான். அன்றைக்கு அதில் யாருக்கும் வருத்தமில்லை.

2014-ல் ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டி தொடங்கியது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்குக் கலூர்தான் வீடு. மஞ்சள் சட்டை போட்ட கூட்டம் அலை அலையாக வந்தது. 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது கொச்சியும் ஒரு களம். பிரேசிலும் ஸ்பெயினும் நம் கலூரில் வந்து ஆடின. அதற்காக நிறையச் செலவு செய்து புதிய புல்தரை போட்டார்கள். ஸ்டேடியக் கட்டடத்தில் இருக்கிற கடைகளைப் பாதுகாப்புக்காக மூடச் சொன்னபோது கடைக்காரர்கள் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். கடைக்காரனாவது கோர்ட்டுக்குப் போக முடிந்தது. அந்தக் கடையில் எடுபிடி வேலை பார்க்கிறவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான் என்று அன்றைக்கு ஒரு பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

அதற்கு ஐந்து மாதம் கழித்து, 2018 மார்ச்சில், பிரச்சினை வெடித்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவும் மேற்கிந்தியத் தீவும் ஆடுகிற கிரிக்கெட் போட்டியைக் கலூரில் நடத்தக் கேரள கிரிக்கெட் சங்கம் முயன்றது. கால்பந்து ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். கிரிக்கெட் ஆட நடுவிலே களிமண் ஆடுகளம் வேண்டும். அதற்குப் புல்லைத் தோண்ட வேண்டும். உலகக் கோப்பைக்கென்று போட்ட தரையை ஒரே ஒரு நாள் ஆட்டத்துக்காகப் பாழாக்குவதா என்று கேட்டார்கள். பிளாஸ்டர்ஸில் ஆடிய இயான் ஹியூமும் சி.கே. வினீத்தும், இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரியும் அவர்கள் பக்கம் பேசினார்கள். கிரிக்கெட் வீரர் டெண்டுல்கரே கிரிக்கெட்டைத் திருவனந்தபுரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொச்சியைக் கால்பந்துக்கு விடுங்கள் என்றார்.

எர்ணாகுளத்துக் கிரிக்கெட் ரசிகனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. 2014 அக்டோபருக்குப் பிறகு அவன் ஊரில் ஒரு சர்வதேசப் போட்டி இல்லை. 2011-ல் கொச்சி டஸ்கர்ஸ் என்று ஒரு ஐ.பி.எல். அணி வந்தது, ஒரே ஆண்டில் அதுவும் கலைந்தது. நம் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே இடக்கொச்சியில் கிரிக்கெட்டுக்குத் தனி ஸ்டேடியம் என்றார்கள்; கண்டல் காட்டுப் பிரச்சினையில் அதுவும் நடக்கவில்லை. கலூர் எங்களுக்கும் பாத்தியப்பட்டதுதானே என்று அவன் கேட்டதில் என்ன தப்பு? இரண்டு பக்கமும் கைபேசியில் ஒருவரை ஒருவர் வைது தீர்த்தார்கள். கடைசியில் ஆட்டம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. மேற்கிந்தியத் தீவு 104 ஓட்டத்தில் சுருண்டது; இந்தியா ஒரே விக்கெட்டை இழந்து வென்றது. கொச்சியில் கால்பந்து ரசிகன் ஜெயித்தான், கிரிக்கெட் ரசிகன் தோற்றான் என்று பேசிக்கொண்டார்கள்.

உண்மையில் ஜெயித்தது யார்? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்.

பிளாஸ்டர்ஸ் அணியை 2014-ல் தொடங்கியவர்களில் ஒருவர் டெண்டுல்கர். அணியின் பெயரே அவருடைய பட்டப்பெயரிலிருந்து வந்ததுதான். நம் பையன்கள் கொண்டாடுகிற சென்னையின் கால்பந்து அணியின் பங்குதாரர்களில் ஒருவர் தோனி. இந்த ஐ.எஸ்.எல். போட்டியை நாட்டில் கொண்டுவந்ததில் ரிலையன்ஸ் குழுமம் முதன்மையானது. அதே ரிலையன்ஸ்தான் கிரிக்கெட்டில் மும்பை இந்தியன்ஸ் அணிக்கும் உடைமைக்காரர். 2018-ல் ஐ.பி.எல். கிரிக்கெட்டையும் ஐ.எஸ்.எல். கால்பந்தையும் ஒளிபரப்பியது ஒரே ஸ்டார் நிறுவனம். டெண்டுல்கர் அந்த 2018 செப்டம்பரிலேயே தன் பங்கை விற்றுவிட்டுப் போனார். அது அவர் உரிமை, நான் குறை சொல்லவில்லை. ரசிகன்தான் தன் பங்கை விற்க முடியாமல் இன்னும் நிற்கிறான். ஏனென்றால் அவன் போட்டது மனசு. அதற்குச் சந்தையில் விலை இல்லை.

ஆக, மேலே இருக்கிறவர்களுக்கு மட்டையும் பந்தும் பகை இல்லை. இரண்டிலும் முதல் போடுகிறார்கள், இரண்டிலும் லாபம் பார்க்கிறார்கள். கீழே இருக்கிற நமக்குத்தான் பகை. சட்டையைப் பாருங்கள் தோழர்களே! சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையும் மஞ்சள், பிளாஸ்டர்ஸ் சட்டையும் மஞ்சள். சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டால் எது பாண்டி எது மலையாளி என்று தூரத்திலிருந்து சொல்ல முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரிக்கெட் ஆடினால் கலூர்ப் புல் கெடும் என்று 2018-ல் அவ்வளவு சண்டை நடந்தது அல்லவா? 2024 டிசம்பர் 29-ஆம் தேதி அதே மைதானத்தில் உலக சாதனை என்று சொல்லி ஆயிரக்கணக்கானவர்களை வைத்து நடன நிகழ்ச்சி நடத்தினார்கள். அன்றைக்குத்தான் திருக்காக்கரை எம்.எல்.ஏ. உமா தாமஸ் மேடையிலிருந்து விழுந்து படுகாயம் அடைந்தார். பந்துக்காரனும் மட்டைக்காரனும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் மூன்றாவது ஆள் மைதானத்தை எடுத்துக்கொள்வான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் திடலுக்கு வரும்போது மறுபடியும் சொல்கிறேன்.

இந்தச் சண்டை நம் நாட்டோடும் நிற்கவில்லை. இங்கிலாந்தின் வடக்கில் ஆலையும் சுரங்கமும் நிறைந்த ஊர்களில் இதே பகை நூறு வருடத்துக்கு மேலாக உண்டு. அங்கே ஒரு பக்கம் கால்பந்து. மறு பக்கம் ரக்பி லீக் என்கிற ஆட்டம். கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எதிரி கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவான். அந்த ஆட்டம் பிறந்த கதையை உழைப்பாளிகளாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் ரக்பி ஆடியவர்களில் வடக்கே பலர் ஆலைத் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். சனிக்கிழமையும் பாதி நாள் வேலை. ஆட்டத்துக்குப் போனால் அந்த நேரக் கூலி போய்விடும். இழந்த கூலியை மட்டுமாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். தெற்கே ஆட்சி செலுத்திய கனவான்கள் காசுக்கு ஆடுகிறவன் கீழானவன் என்று 1893-ல் மறுத்துவிட்டார்கள். கனவானுக்கென்ன, அவனுக்கு அப்பன் சொத்து இருக்கிறது! 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஜார்ஜ் ஓட்டலில் கூடிப் பிரிந்து போக முடிவு செய்தார்கள். 22 சங்கங்கள் சேர்ந்து தனி அமைப்புக் கண்டன. இழந்த நேரத்துக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று விதி செய்தார்கள். அதுதான் பின்னால் ரக்பி லீக் ஆனது. கூலிப் போராட்டத்தில் பிறந்த ஆட்டம் அது.

அப்படிப் பிறந்த ஆட்டத்துக்கு என்ன நேர்ந்தது? பிராட்ஃபோர்ட் என்கிற துணி ஆலை நகரத்தில் மானிங்காம் என்ற சங்கம், முதல் ஆண்டே, 1895-96-ல், கோப்பை வென்றது. ஆனால் கால்பந்துக்குத்தான் கூட்டம் சேருகிறது, காசு சேருகிறது என்று பார்த்தார்கள். 1903-ல் ரக்பியை விட்டுவிட்டு பிராட்ஃபோர்ட் சிட்டி என்ற கால்பந்து அணியாக மாறிவிட்டார்கள். அதே ஊரில் இன்னொரு ரக்பி சங்கமும் 1907-ல் அதே வழியில் போனது. அந்த ஊர் ரக்பிக்காரர்கள் அதைப் 'பெரும் துரோகம்' என்றே இன்றும் பேசுகிறார்கள். மீதி இருந்தவர்கள் புதிதாக ஒரு சங்கம் கட்டி ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். அங்கே இரண்டு ரசிகர் கூட்டத்துக்கும் உள்ள பழைய கசப்புக்கு இதுவும் ஒரு வேர். மாற்றியது நிர்வாகம். பழி ஏற்றது எதிர்த் தெருவில் இருந்த சக தொழிலாளி.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. ரக்பி லீக் பிறந்த அதே ஹடர்ஸ்ஃபீல்டில் 1994-ல் ஒரு புது ஸ்டேடியம் திறந்தார்கள். நகரசபை, கால்பந்து சங்கம், ரக்பி சங்கம் மூவரும் பங்காளிகளாக இருந்தார்கள். ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டம். ஹல் என்கிற துறைமுக நகரத்தில், அதுவும் நம் கொச்சி போல மீனும் கப்பலும் உள்ள ஊர், நகரசபையே கட்டி 2002-ல் திறந்த ஸ்டேடியத்தில் கால்பந்து அணியும் ரக்பி லீக் அணியும் ஆடிவருகின்றன. புல் தேய்கிறது என்ற முணுமுணுப்பு அங்கேயும் இல்லாமல் இல்லை. ஆனால் முணுமுணுத்துக்கொண்டே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பட்டியல் போட்டு ஆடுகிறார்கள். நூறு வருடப் பகை உள்ளவர்களால் முடிகிறது. இரண்டு மாதப் பகை உள்ள நம்மால் முடியாதா?

தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. தமிழன் என்றால் கிரிக்கெட், மலையாளி என்றால் கால்பந்து என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? வடசென்னையில் வியாசர்பாடி என்று உழைப்பாளி மக்கள் வாழ்கிற பகுதி. அங்கே பிள்ளைகள் விழுந்து புரண்டு ஆடுவது கால்பந்து. தன்பால் கணேஷ் அந்த மண்ணிலிருந்து வந்தவர். நந்தகுமார் சேகரும் அந்த மண்தான். இருவரும் நாட்டின் பெரிய அணிகளில் ஆடியவர்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறை என்கிற மீனவ ஊர். அங்கிருந்து வந்த மைக்கேல் சூசைராஜும் ஐ.எஸ்.எல்.-லில் ஆடினார்.

இந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்துக்காரர் சஞ்சு சாம்சன் எந்த ஆட்டம் ஆடுகிறார்? 2025 நவம்பரில் அவரைச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியே வாங்கியது. நம் பையன்கள் விசில் அடிக்கிற அணிக்கு மலையாளி! 2025 தொடக்கத்தில் கேரள கிரிக்கெட் அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. கோடு எங்கே இருக்கிறது? கோடு உங்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

ஐ.எம். விஜயனைத் தெரியுமா? 'திமிரு' படத்தில் வில்லன் கூட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் அவர் இந்தியக் கால்பந்து அணியின் தலைவர். அதற்கும் முன்னால் திருச்சூர் ஸ்டேடியத்தில் ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்குச் சோடா விற்ற பையன். நடராஜனைத் தெரியுமா? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். 2020 டிசம்பரில் அவர் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். ஒருவர் கால்பந்து, ஒருவர் கிரிக்கெட். ஒருவர் மலையாளி, ஒருவர் தமிழர். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது அன்றாடக் கூலியில். இந்த இருவரில் யார் உங்களுக்கு அந்நியன்?

என் ரயில்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். தோனி கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வேக்காரர். அந்த ரயில்வே அணி 1958-ல் கல்கத்தா லீக் கோப்பையை வென்றது. மட்டைக்காரனுக்கும் பந்துக்காரனுக்கும் சம்பளம் கொடுத்தது ஒரே ரயில்வே. கூட நின்று கைதட்டியவர்கள் கலாசிகளும் பாயிண்ட்ஸ்மேன்களும்.

தோழர்களே, இப்போது நம் மட்டாஞ்சேரிக்கு வருகிறேன். இந்த மண்ணில் சாப்பா என்று ஒரு கொடுமை இருந்தது. கொச்சித் துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுக்க, விடியற்காலையில் திரண்டு நிற்கிற தொழிலாளிகள் கூட்டத்தில் மூப்பன்மார் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். அந்த வில்லைதான் சாப்பா. யார் கையில் கிடைக்கிறதோ அவனுக்கு அன்றைக்கு வேலை. நூறு பேர் நிற்கிற இடத்தில் பத்து வில்லை எறிந்தால் என்ன ஆகும்? ஒருவன் மேல் ஒருவன் விழுவான். கையை மிதிப்பான். பக்கத்து வீட்டுக்காரன் பல்லை உடைப்பான். எறிந்தவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அடிபட்டவனுக்குக் கோபம் எறிந்தவன் மேல் வராது, பக்கத்தில் நின்றவன் மேல் வரும். அதுதான் அந்த முறையின் சூட்சுமம்.

அந்தக் கொடுமையை எதிர்த்துத் தொழிலாளிகள் எழுந்தார்கள். 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூன்று தொழிலாளிகளின் உயிர் அந்தப் போராட்டத்தில் போனது. 2023-ல் வந்த 'துறமுகம்' என்ற மலையாளப் படம் அந்த வரலாற்றைத்தான் சொல்கிறது. அன்றைக்கு அந்தத் தொழிலாளிகள் கேட்டது என்ன? இன்னும் பத்து வில்லை கூடப் போடு என்றா? எங்கள் சாதிக்கு, எங்கள் மதத்துக்குத் தனியாக வில்லை போடு என்றா? இல்லை. எறிகிற முறையே வேண்டாம், வேலையை முறைப்படி பங்கிடு என்றார்கள்.

இதைத்தான் நம் திடலுக்கும் சொல்கிறேன். கடந்த மழைக்குப் பிறகு அந்தத் திடலின் கிழக்கு ஓரத்தைப் பார்த்தீர்களா? மூன்றில் ஒரு பங்கில் லாரி நிற்கிறது. மணலும் ஜல்லியும் கொட்டிக் கிடக்கிறது. முன்பு அந்தப் பக்கம் சிறு பிள்ளைகள் கோலி ஆடினார்கள், பெண் பிள்ளைகள் நின்று பேசினார்கள். இடம் சுருங்கியது. சுருங்கிய இடத்தில் இரண்டு ஆட்டம் மோதிக்கொண்டது. இரண்டு மாதமாகச் சண்டை போட்டவர்களில் ஒருவராவது அந்த லாரிகளைப் பற்றிப் பேசினீர்களா? ஸ்டம்பைப் பிடுங்கினவன் லாரியைப் பார்க்கவில்லை. பந்தைக் கிழித்தவனும் பார்க்கவில்லை. வில்லையை எறிந்தவன் இங்கேயும் கரையில்தான் நிற்கிறான்.

இப்போது தமிழருக்குத் தனித் திடல் கேட்டால் என்ன நடக்கும்? முதலாவது, கொடுக்க மாட்டார்கள். கொச்சியில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவது, கேட்ட பழி மட்டும் நம் மேல் நிற்கும். வந்தேறிகள் தனி இடம் கேட்கிறார்கள் என்பார்கள். மூன்றாவது, இருக்கிற திடலில் நமக்குள்ள பாத்தியதையை நாமே விட்டுக்கொடுத்ததாக ஆகும். நான்காவதுதான் முக்கியம். நம் பிள்ளைகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள், இங்கேதான் நாளைக்கு வேலை கேட்டு நிற்கப் போகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு சேர்ந்து விளையாடாத பிள்ளை, நாளைக்கு அவனோடு சேர்ந்து கொடி பிடிக்குமா?

ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரன் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்க அழைத்து வரப்பட்ட நம் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம். 1976-ல் ஜி.சி.டி.ஏ. அங்கே துவைக்கும் தொட்டிகளும் கட்டடமும் கட்டியது. கலூர் ஸ்டேடியத்தைக் கட்டிய அதே ஆணையம்தான். ஒரே திடலில் கயிறு கட்டி எத்தனையோ குடும்பங்களின் வெளுப்புத் துணி காய்கிறது! பொது இடத்தைப் பங்கிட்டுப் பிழைக்க நமக்கு யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆகவே சங்கத்தின் முன்னால் என் யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, திடலுக்கு ஒரு விளையாட்டுக் குழு. நம் தெருவிலிருந்து மூன்று பேர், மலையாளித் தோழர்கள் தெருவிலிருந்து மூன்று பேர், இருபக்கமும் ஒரு தாயாவது இருக்க வேண்டும். இரண்டு, கால அட்டவணை. இடவப்பாதி மழை தொடங்கினால் நான்கு மாதம் திடல் சேறு. சேற்றில் கிரிக்கெட் நடக்காது, கால்பந்து நடக்கும். அந்த மாதங்களில் கால்பந்துக்கு அதிக நாள். மழை ஓய்ந்து தரை காய்ந்தபின் கிரிக்கெட்டுக்கு அதிக நாள். வானமே பாதி அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது. மீதியை நாம் போட முடியாதா? கோல் கம்பங்கள் கழற்றக் கூடியதாக இருக்கட்டும். ஆடுகளத்துக்கு மண்ணைத் தோண்டாமல் பாய் விரித்து, டென்னிஸ் பந்தில் ஆடட்டும். மூன்று, வாரத்தில் இரண்டு சாயந்திரம் பெண் பிள்ளைகளுக்கு. இதுவரைக்கும் சண்டையில்கூட அவர்கள் பேர் வரவில்லை. அவர்களுக்குப் பங்கு இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை.

நான்கு, லாரிகளையும் ஜல்லியையும் அகற்றக் கோரி மாநகராட்சிக்கு மனு. மனுவில் தமிழ்க் கையெழுத்தும் மலையாளக் கையெழுத்தும் சம அளவில் இருக்க வேண்டும். வார்டில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் வார்டுக் கூட்டத்துக்குப் போய்ப் பேச வேண்டும். பெயர் இல்லாதவர்கள் முதலில் பெயர் சேர்க்க வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்ப ஞாயிறு தோறும் காலையில் சங்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். ஐந்து, பள்ளிக்கூடங்கள். 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டுத் திடல் கட்டாயம், இல்லாத பள்ளிகள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அரசுக்குச் சொன்னது. நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளில் திடல் எங்கே என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். கேட்கிற உரிமை ஃபீஸ் கட்டுகிறவனுக்கு மட்டுமல்ல, பிள்ளையை அனுப்புகிற எல்லோருக்கும் உண்டு.

ரசிகனாக இருப்பது தப்பில்லை. பிளாஸ்டர்ஸும் சென்னையின் அணியும் முதல் ஆண்டிலேயே, 2014 அரையிறுதியில் மோதின, பிளாஸ்டர்ஸ் வென்றது. அடுத்த ஆண்டு சென்னையின் அணி கோப்பையே வென்றது. அந்த ஆட்டங்களைப் பார்த்து, கத்தி, கட்சி கட்டி, தோற்றவன் ஜெயித்தவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பது நல்ல பழக்கம். நாள் முழுக்க மூட்டை தூக்கினவனுக்கு, தையல் மிஷினில் குனிந்தவனுக்கு, அது ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை யாரும் நம்மிடமிருந்து பறிக்கக் கூடாது. ஆனால் அதை வைத்து நம்மைப் பிரிக்கவும் விடக் கூடாது.

கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், பெரியோர்களே. கூலி பாக்கிக்கும் திடலுக்கும் சம்பந்தம் உண்டு. கூலி கேட்கப் போகும்போது பக்கத்தில் நிற்கப் போகிறவன் யார் என்பதைப் பிள்ளைகள் திடலில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

கிழிந்த பந்துக்குப் பதில் ஒரு புதுப் பந்து வாங்கச் சங்க நிதியிலிருந்து பணம் கொடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர்கள் நம் கிரிக்கெட் பையன்கள்தான். கிழித்தது யார் என்ற விசாரணை வேண்டாம். வருகிற ஞாயிறு சாயந்திரம் நான்கு மணிக்கு இரண்டு தெருப் பெரியவர்களும் திடலில் கூட வேண்டும். தாய்மார்கள் அவசியம் வர வேண்டும். வழிமொழிகிறவர்கள் கை தூக்குங்கள்.